ஒரு வெங்காயமும் அழுகாத பட்டறை

அன்பு மகனுக்கு உன் சித்தப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. மாடுகள் இரண்டும் நன்றாகத் தின்கின்றன. எனக்கு இடுப்பில் கொஞ்சம் பிடிப்பு உண்டு. என்றாலும் இந்த வயதில் என்னைப்போல் மாடு கட்டிக் கமலையில் தண்ணீர் இறைக்கிறவன் மதுரை ஜில்லாவிலேயே கிடையாது, வேண்டுமானால் விசாரித்துப் பார். இதற்கு முன்னால் உனக்கு நான்கு கடிதம் எழுதி நான்கையும் அடுப்பில் போட்டேன். "கடுதாசி எரிச்சு வெந்நி வைக்கிற மனுசன் ஊருலயே நீங்க ஒருத்தர்தான்" என்று உன் சின்னம்மா சொன்னாள். இது ஐந்தாவது. இதை எரிக்கப்போவதில்லை. சொல்லப் பயந்துகொண்டிருந்ததைச் சொல்ல இப்போது தைரியம் வந்துவிட்டது, மனசும் லேசாக இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். அந்தக் காலத்து ஐந்தாம் வகுப்பு இந்தக் காலத்து பி.ஏ.வுக்குச் சமம் என்று நான் எல்லாரிடமும் சொல்வதும் உனக்குத் தெரியும். ஆகையால் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், விஷயத்தில் பிழை இல்லை. இதை நீ ஒளித்துவைத்துப் படிக்கவேண்டாம். உன் புரொபசரிடம் காட்டு, ஆபீசில் உரக்கப் படி. எனக்கு ஆட்சேபணை இல்லை.

தையில் நீ வந்திருந்தபோது, இலைக்கு முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே சாப்பிடாமல் இருந்தாய். என்னப்பு என்று கேட்டதற்கு, "ஆறு வருசமாச்சு சித்தப்பா. வெங்காயம் அழுகாமச் சேத்துவைக்கிற பட்டறையப் பத்தி நான் எழுதுன கட்டுரைய ஒருத்தர்கூட எடுத்துச் சொல்லல" என்றாய். எங்கே எடுத்துச் சொல்லவேண்டும் என்று நான் கேட்டேன். "அவங்கவங்க எழுதுற கட்டுரையோட கடைசியில ஒரு பட்டியல் போடுவாங்க. இன்னார் இன்னதைக் கண்டுபிடிச்சாரு, அதை வச்சுத்தான் நான் மேல போறேன்னு. லைப்ரரியில உக்காந்து ஒவ்வொரு புத்தகமாப் புரட்டிட்டேன். ஒரு எடத்துலகூட என் பேரு இல்ல." எனக்குக் கல்யாணப் பத்திரிகையில் சொந்தக்காரன் பெயரை விட்டுவிட்டதுபோல் கோபம் வந்தது. "எவன்டா அவன்? விலாசத்தச் சொல்லு, நான் போயிப் பேசுறேன்" என்றேன். நீ சிரித்துவிட்டாய். பிறகு நீயே காரணங்களை அடுக்கினாய். தலைப்பு நான்கு வரி நீளம் என்றாய். அந்தப் பத்திரிகை மொத்தமே சில லைப்ரரிகளுக்குத்தான் போகிறது என்றாய். வடக்கே இருக்கிறவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்கள் பெயரைத்தான் போடுவார்கள் என்றாய். உன்னோடு வேலை பார்க்கிறவர் தக்காளி இலை சுருள்வதைப் பற்றி எழுதினாராம், எல்லாம் அப்பட்டமான உண்மையாம், அதையும் யாரும் சீண்டவில்லையாம். அந்தச் சமயத்தில் யாருக்கும் அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான் என்றாய். நீ சொன்னது எல்லாம் சரியாகவே இருக்கலாம். ஆனால் உன் கட்டுரையை ஏன் யாரும் தொடவில்லை என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு, அது எனக்குத்தான் தெரியும். அப்போது என் வாய் நிறையச் சோறு இருந்தது.

அதோடு நீ விட்டிருந்தால் நான் அதை அப்படியே விழுங்கியிருப்பேன். நீ விடவில்லை. "படிச்சவங்களுக்கு எழுதுனது போதும் சித்தப்பா. நேரா விவசாயிககிட்டயே போயிடறேன். ஆவணியில எங்க ஆபீசுல இருந்து ஒட்டன்சத்திரத்துல கூட்டம் போடுறோம். பட்டறை எப்பிடிக் கட்டுறதுன்னு நோட்டீஸ் அடிச்சுக் குடுக்கப்போறோம். அதுக்கப்புறம்தான் நான் வடக்க புது வேலைக்குக் கெளம்புறேன். கூட்டத்துல நீங்கதான் சாட்சி. மைக்குல நீங்க பேசணும்" என்றாய். மகனே, என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் மைக்கைக் கொடுத்ததில்லை. மைக் இல்லாமலே வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் நான் சிறுமலைச் சிறுத்தையை விரட்டிய கதையைச் சொல்லி, கொடைக்கானல் பஸ்ஸையே பத்து நிமிஷம் நிறுத்தியிருக்கிறேன். அது சிறுத்தை இல்லை, செவலை நாய் என்று உன் சின்னம்மா சொல்வாள், அவள் அங்கே இல்லை. அப்படிப்பட்டவனுக்கு மைக் என்றதும் ஒரு கணம் மேடையில் நிற்கிறாற்போலவே இருந்தது. அடுத்த கணம் தொண்டையில் சோறு அடைத்துக்கொண்டது. புரையேறிவிட்டது என்று நீ தலையில் தட்டினாய்.

உன் அப்பா, என் அண்ணன், காலமானபோது உனக்கு ஏழு வயது. அன்றிலிருந்து நீ என்னைச் சித்தப்பா என்று கூப்பிட்டாலும் ஊர் உன்னை என் மகன் என்றுதான் சொல்லும், நானும் திருத்தியதில்லை. உன்னைத் திண்டுக்கல்லில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போன நாள் நினைவிருக்கிறதா? தலைமையாசிரியர் "பையன் கணக்கு எப்படி?" என்று கேட்டார். சுமாராகப் போடுவான் என்று சொல்லியிருக்கலாம். "பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் தலைகீழாச் சொல்லுவான் சார்" என்றேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, "எங்கே, சொல்லட்டும்" என்றார். "இன்னைக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்றேன். திங்கட்கிழமை கூட்டிவாருங்கள் என்று அனுப்பிவிட்டார். உனக்குப் பத்தாம் வாய்ப்பாடே தடுமாறும். நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இடையில் இருந்த நான்கு நாளும் மாட்டுக்குப் பின்னால் நடந்துகொண்டே மனப்பாடம் செய்து, திங்கட்கிழமை கையைக் கட்டிக்கொண்டு நின்று, பதினாறு பதினாறு இருநூற்று ஐம்பத்தாறில் ஆரம்பித்துக் கீழே இறங்கி வந்தாய். நான் அங்கே ஒரு தப்பான பாடம் கற்றுக்கொண்டேன். நான் என்ன அளந்தாலும் நீ அதை நிஜமாக்கிவிடுவாய் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு உன்னைப் பற்றி அளப்பதற்கு எனக்குக் கூச்சமே இல்லாமல் போய்விட்டது.

இப்போது பட்டறைக்கு வருகிறேன். சந்தையில் வீசைக்கல் போய்க் கிலோக்கல் வந்த புதிது அது. நீ விவசாயக் கல்லூரியிலிருந்து வந்து நம் தோட்டத்தில் சின்ன வெங்காயத்துக்கு இரண்டு பட்டறை போட்டாய். ஒன்று நாம் எப்போதும் போடுவது: கல்லடுக்கி, மேலே விறகு பரப்பி, சுற்றிலும் தென்னந்தட்டி கட்டி, கூரை போட்டது. இன்னொன்று உன்னுடையது: இடுப்பளவு உயரத்தில் மூங்கில் பரணும், வெங்காயத்துக்கு நடுவே காற்றுப் போக மூங்கிலில் பின்னிய கூண்டும் வைத்தது. இரண்டிலும் ஒரே எடை வெங்காயம். நான் அன்றே சாயங்காலம் திண்டுக்கல் சந்தைக்குப் போய், கமிஷன் கடை காசிம் ராவுத்தரிடம் ஆரம்பித்தேன். அவரை நான் மாமா என்பதும் அவர் என்னை மாப்பிள்ளை என்பதும் உனக்குத் தெரியும். "மாமா, எங்க மகன் ஒரு பட்டறை போட்டிருக்கான். ஆறு மாசம் ஆனாலும் ஒரு வெங்காயம் அழுகாது." அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒண்ணுகூடவா?" என்றார். "ஒண்ணுகூட." "அது அல்லா படைச்ச வெங்காயமா, உங்க மகன் படைச்சதா மாப்ளே?" கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அழுகுச்சுன்னா இந்த மீசைய எடுத்துடறேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாவது வாரம் உன் பட்டறைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். நாலைந்து இடத்தில் கொழகொழவென்று இருந்தது. மறுநாள் சனிக்கிழமை, பதினைந்து நாளைக்கு ஒருமுறை நீ பஸ்ஸில் வந்து இறங்கி, அழுகினதைப் பொறுக்கி எடை போட்டு நோட்டில் எழுதுகிற நாள். எனக்கு மீசை ஞாபகம் வந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அதைவிட, நீ அந்த வெங்காயத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்ற நினைப்புத்தான் பெரிதாக வந்தது. மத்தியானம் உன் சின்னம்மா கண் அசந்த நேரத்தில் உள்ளே புகுந்தேன். அழுகினதை எல்லாம் பொறுக்கினேன். வெளியே எறிந்தால் எடை குறையும் அல்லவா? அதனால் பக்கத்துப் பட்டறையிலிருந்து நல்ல வெங்காயமாக எடுத்து உன்னுடையதில் போட்டு, அழுகினதை அந்தப் பட்டறையில் போட்டேன். ஒன்றுமே இல்லையென்றால் உனக்குச் சந்தேகம் வரும் என்று ஒரு கைப்பிடி மட்டும் விட்டுவைத்தேன். என் மூளை எப்போதுமே அப்படித்தான், எட்டடி முன்னால் ஓடும். மறுநாள் நீ எடை போட்டுவிட்டு என் தோளைப் பிடித்து உலுக்கினாய். "சித்தப்பா, பாத்தீகளா! இங்க ஒரு கைப்பிடிதான். அங்க ஒரு கூடை!" உன் முகத்தை அப்படிப் பார்த்தபிறகு வாயைத் திறக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு தடவை செய்தால் போதும் என்றுதான் நினைத்தேன். ஆறு மாதமும் செய்தேன்.

கட்டுரை அச்சாகி வந்ததும் அதைக் கொண்டுவந்து எனக்குத் தமிழில் சொன்னாய். கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. என் சித்தப்பாவின் இடைவிடாத உதவி இல்லாவிட்டால் இந்த முடிவு கிடைத்திருக்காது என்று எழுதியிருந்தாய். அதைப்போல் உண்மையான வரி அந்தக் கட்டுரையில் வேறொன்று இல்லை, மகனே. அதை நான் சந்தை முழுக்கக் காட்டினேன். ராவுத்தரும் எழுந்து நின்று வாங்கிப் பார்த்தார்.

உனக்குத் தெரியாத இன்னொரு ஆள் இதில் இருக்கிறார். நத்தம் பக்கத்துக் கருப்பையா. நீ எடை போட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே ஒருநாள் வந்து, கயிற்றால் பட்டறையை அளந்துகொண்டு போய், தன் காட்டில் அதேபோல் கட்டிவிட்டார். மறு வருஷம் தேடிக்கொண்டு வந்தார். "என் கை ராசி சரியில்ல மாமா. பாதிக்குப் பாதி போச்சு" என்றார். அப்போதாவது நான் சொல்லியிருக்கவேண்டும். என் வாய் அதுபாட்டுக்குப் பேசியது. "மூங்கிலை எப்ப வெட்டுனீக?" "மாசியில." "வளர்பிறையிலயா, தேய்பிறையிலயா?" "பாக்கலையே மாமா." "அங்கதான் தப்புப் பண்ணிட்டீக" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தார். விதைக்கு இரண்டு மூட்டை வெங்காயம் கொடுத்து அனுப்பினேன். அது என் மனசுக்காகக் கொடுத்தது. அவர் ஊரில் ஒருவரிடமும் இதைச் சொல்லவில்லை. படித்த பையன் செய்து காட்டியது தன் கைக்கு வரவில்லை என்று யார்தான் வெளியே சொல்வார்கள்?

நீ தையில் இலை முன்னால் காரணங்களை அடுக்கியபோது எனக்குக் கருப்பையா முகம்தான் வந்தது. அவரைப்போல் இன்னும் எத்தனை பேர் உன் கட்டுரையைப் படித்துச் செய்து பார்த்தார்களோ. பெரிய படிப்புப் படித்தவர்களும் ஒரு மூலையில் மூங்கில் கூண்டு வைத்துப் பார்த்திருப்பார்கள். அழுகியிருக்கும். நாம்தான் எங்கேயோ தப்புச் செய்துவிட்டோம் என்று நோட்டை மூடியிருப்பார்கள். உன் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்: செய்து பார்த்தவனுக்கு வரவில்லை, வரவில்லை என்று சொல்ல அவனுக்கு வெட்கம். கோபித்துக்கொள்ளாதே, நீ அன்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தபோது நான் உள்ளுக்குள் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். நல்லவேளை, ஒருத்தரும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் மத்தியான வேலை உன் பெயரை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கும். நோட்டீஸ் அப்படி இல்லை. ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வெங்காயம் கொண்டுவருகிற சனம் அதை நம்பி, விற்காமல் பட்டறையில் போட்டுவைக்கும். நானும் மைக்கில் சொன்னால் கட்டாயம் போட்டுவைக்கும். எனக்குப் பேச வரும் என்பதுதான் பயமே.

உன்னைப் பஸ் ஏற்றிவிட்ட கையோடு ராவுத்தர் கடைக்குப் போனேன். ஆளெல்லாம் போகும்வரை சாக்கு மேல் உட்கார்ந்திருந்து முழுவதையும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அடப்பாவி மாப்ளே! நீ வாயால மட்டும்தான் பொய் சொல்லுவேன்னுல்ல நெனச்சேன்? கையாலயுமா?" பிறகு சிரிக்க ஆரம்பித்து இருமலில் போய் முடிந்தது. "சரி மாமா, இன்னைக்கே அவனுக்கு எழுதிப் போட்டுடறேன்" என்றேன். "எழுது. ஆனா நம்புவானா? நீ எதையும் கூட்டித்தான் சொல்லுவேன்னு அவனுக்குத் தெரியும். சித்தப்பா இதையும் கூட்டித்தான் சொல்றாரு, நான் வருத்தப்பட்டதுக்கு ஆறுதலாச் சொல்றாருன்னு நெனச்சுக்கிட்டு நோட்டீஸ் அடிச்சுடுவான். மொதல்ல திரும்பப் பட்டறை போடு. இந்தத் தடவ நீ கைய வைக்காத. என்ன வருதோ அதைச் சொல்லு." நான் எரித்த நான்கு கடிதமும் அதற்குப் பிறகு அவசரப்பட்டு எழுதியவை. அவர் சொன்னதுதான் சரி.

மாசியில் இரண்டு பட்டறையும் போட்டேன். உன் கட்டுரையிலிருந்த படத்தைப் பார்த்து அச்சு அசலாகப் போட்டேன். ராவுத்தர் திண்டுக்கல் பூட்டு இரண்டு கொண்டுவந்து இரண்டுக்கும் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை அவரே தராசோடு வருவார், திறப்பார், பொறுக்குவார், எடை போடுவார், எழுதுவார். நான் வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும். அந்த ஏற்பாட்டின்போதுதான் உன் சின்னம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. அவள் பொய்யைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அந்த வருசம் சாம்பாருக்கு ரெண்டு வெங்காயம் எடுக்கப் போனா, பரிசோதனைக்கு வச்சது, தொட்டாக் கை வெளங்காதுன்னு என்னைய வெரட்டுனீகளே! நீங்க கூடை கூடையா மாத்திக்கிட்டிருந்தீகளாக்கும்?" என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மூன்று நாள் எனக்கு வெஞ்சனம் இல்லாமல் வெறும் சோறுதான்.

நான்காவது வாரம் தட்டி இடுக்கு வழியாக உன் பட்டறையில் கறுப்பாகக் கசிவது தெரிந்தது. ஒரு குச்சியை விட்டால் எட்டிவிடும். குச்சியை விடவில்லை, ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை, மகனே. நேராகச் சந்தைக்கு நடந்து, "மாமா, சாவியக் குடுங்க, காத்தாடத் திறந்துவைக்கணும்" என்றேன். "சாவி தொலைஞ்சு போச்சு மாப்ளே" என்றார். மறுநாள் போனேன். சாவி மாமியாரிடம் இருக்கிறது என்றார். அவருடைய மாமியார் இறந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் நான் போகவில்லை.

இப்போது ஆனி. நேற்று ராவுத்தர் கடைசி எடை போட்டார். உன் பட்டறையிலும் அழுகியிருக்கிறது, நம் பழைய பட்டறையிலும் அழுகியிருக்கிறது. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வித்தியாசம் இருக்கிறது. கூடைக்கு ஒரு கைப்பிடி நல்ல வெங்காயம் உன்னுடையதில் கூடுதலாக மிஞ்சியிருக்கிறது. நான் ஒரு வெங்காயத்தையும் தொடவில்லை, அந்தக் கைப்பிடி முழுக்க உன்னுடையது. எடையைச் சொல்லிவிட்டு ராவுத்தர் என் மீசையைப் பார்த்தார். "இருந்துட்டுப் போகட்டும் மாப்ளே, மூஞ்சியில வேற என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

இன்று காலையில் முதல் பஸ்ஸில் நத்தம் போனேன். கருப்பையா மாந்தோப்பில் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். அந்த வருஷத்துக்கு அப்புறம் அவர் வெங்காயமே போடவில்லையாம். சொன்னேன். பிறை, மூங்கில், எல்லாம் நான் அளந்தது, தப்பு என்னுடையது என்று சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "அப்ப என் கை சரிதானா மாமா?" என்று கேட்டார். சரிதான் என்றேன். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு மறுபடியும் அதையே கேட்டார். பஸ் ஏற்றிவிட வந்தபோது மூன்றாவது தடவையும் கேட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் நான் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து நன்றாகத் தூங்கினேன். இத்தனை வருஷத்தில் பஸ்ஸில் எனக்குத் தூக்கம் வந்தது இன்றுதான்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஒரு மாதம் பேசாமல்கூட இரு. ஆனால் நோட்டீஸை அச்சுக்குக் கொடுத்திருந்தால் இன்றே தந்தி அடித்து நிறுத்திவிடு. உன் ஆபீசர்மாரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் பழியை என் தலையில் போடு, என் தலை பெரிசு. முதல் கட்டுரை தப்பு என்று நீயே எழுதிப் போடு. இந்தக் கைப்பிடியைப் பற்றி இன்னொன்று எழுது. அதையும் யாரும் எடுத்துச் சொல்லாமல் போகலாம். இந்தத் தடவை என்னைக் காரணம் காட்ட முடியாது, அவ்வளவுதான். கூட்டம் போடுவதாக இருந்தால் அப்போதும் வருகிறேன், மைக்கைக் கொடு, ஒரு கைப்பிடி என்று மட்டும் பேசுகிறேன். ராவுத்தரைப் பக்கத்தில் உட்கார வை. இரண்டு கைப்பிடி என்று நான் ஆரம்பித்தால் வேட்டியைப் பிடித்து இழுக்கட்டும்.

அழுகினதை எல்லாம் பட்டறை வாரியாகத் தனித்தனிக் குவியலாகக் கொட்டிவைத்திருக்கிறோம். நாற்றம் ரோடு வரைக்கும் அடிக்கிறது. உன் சின்னம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எப்போது எருக்குழியில் அள்ளிக் கொட்டுவது என்று கேட்கிறாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் இரண்டு தடவை வேலியோரம் வந்து கத்திவிட்டுப் போய்விட்டார். நீ வந்து உன் கண்ணால் பார்த்து, உன் கையால் எடை போடும்வரை ஒன்றைக்கூடத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிடு அப்பு, இவர்களுக்கு நான் பதில் சொல்லி முடியவில்லை.

உன் சித்தப்பா